அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் உள்ளவர்களை மீட்பது: தீயணைப்பு வீரர்களுக்கு எத்தகைய பயிற்சி தேவை?

கேள்வி: நிலைய அலுவலர், தென் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் தீயணைப்பு நிலைய அலுவலராகப் பணியாற்றுகிறேன். எங்கள் நிலைய எல்லைக்குள் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளி ஒன்றும், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருவோர் தங்கும் இல்லம் ஒன்றும் இருக்கின்றன. இவற்றுக்கு அப்பால், குடும்பத்தோடு வீடுகளிலேயே வாழ்பவர்களும் கணிசமாக இருப்பார்கள். நிலையத்தின் வீரர்களுக்காக ஒரு நாள் பயிற்சி நடத்த அனுமதி கேட்டிருக்கிறேன். அதில் எதைக் கற்றுத்தர வேண்டும், யாரை அழைத்துக் கற்றுத்தர வேண்டும் என்று பெற்றோர், சிறப்பாசிரியர்கள், மனநலத் துறையினர் ஆகியோரிடம் கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் நடந்த தீவிபத்தில், கீற்றுக் கொட்டகைக்குள் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். இன்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோய் உள்ள எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை செய்திருக்கிறது. அந்தத் தடை எல்லா இடத்திலும் உண்மையாகவே நடைமுறைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், என் கேள்வி தீர்வதில்லை. சங்கிலியும் பூட்டும் இல்லாத ஒரு வீட்டில், கதவு திறந்தே இருக்கும் நிலையில், புகைக்கும் சைரனுக்கும் எங்கள் தோற்றத்துக்கும் அஞ்சி உள்ளறைக்குள் பதுங்கிக்கொண்டு, கூப்பிட்டால் பதில் தராத ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி வெளியே கொண்டுவருவது? வேறு வழியே இல்லாதபோது எந்த அளவுக்கு வலுவைப் பயன்படுத்தலாம்? இத்தகையவர்கள் வாழும் வீடுகளை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது முறையாகுமா? பொதுவான அறிவுரைகளைவிட, வீரர்கள் கையும் உடம்புமாகச் செய்து பழகக்கூடியவற்றை எழுதினால் மிகவும் பயன்படும்.


பதில்: ஆட்டிசம் உள்ள இளைஞரின் தாய்

நிலைய அலுவலர் ஐயா அவர்களுக்கு வணக்கம். இந்தக் கேள்வியை நீங்களாகவே கேட்டதற்கு முதலில் நன்றி. என் மகனுக்கு வயது 24. பேச்சு மிகக் குறைவு. சொல்வதில் பெரும்பகுதி புரியும், ஆனால் பதற்றம் ஏறிவிட்டால் புரிந்துகொள்ளும் ஆற்றல் அந்த நேரத்துக்கு அற்றுப்போகும். தீயணைப்பு வீரர் அவனைச் சந்திக்கும் நேரம் பெரும்பாலும் அந்த நேரமாகத்தான் இருக்கும் என்பதை உங்கள் பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வண்டியின் சைரன், சுழலும் சிவப்பு விளக்கு, பலர் ஒரே நேரத்தில் கத்தும் குரல், முகமே தெரியாத முகமூடி, அதன் வழியாக வரும் மூச்சிரைப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்து அவன்மேல் விழும்போது, தீயைவிட நீங்களே அவனுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிவீர்கள்.

ஆகவே அவன் ஓடுவான், அல்லது ஒளிவான். ஒளிகிற பிள்ளைகள் தங்களுக்குப் பழகிய இடத்தையே தேடுகிறார்கள்: கட்டிலுக்கடி, துணி அலமாரி, குளியலறை, பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது. பதில் வராததால் அறையில் யாரும் இல்லை என்று உங்கள் வீரர்கள் திரும்பிவிடக் கூடாது. வீட்டார் வெளியே நின்றால், "அவர் பயந்தால் எங்கே போய் உட்காருவார்?" என்ற ஒரு கேள்வியை மட்டுமாவது கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். எந்தத் தாய்க்கும் அதற்கு உடனே பதில் தெரியும்.

வெளியே கொண்டுவந்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. வீடு என்பது அவனுக்குப் பாதுகாப்பான இடம். தெருவில் கூடியிருக்கும் கூட்டமோ தாங்க முடியாத இடம். கையை விட்ட அடுத்த நொடி அவன் எரிகிற வீட்டுக்குள்ளேயே திரும்பி ஓடக்கூடும். ஆகவே மீட்கப்பட்டவருடன் ஒரு வீரரோ வீட்டாரில் ஒருவரோ கடைசிவரை இருக்க வேண்டும். கூட்டத்திலிருந்தும் விளக்குகளிலிருந்தும் சற்றே தள்ளி, முடிந்தால் வண்டியின் மறுபக்கத்தில், அமர்த்திவைக்க வேண்டும். அவர் கைகளை உதறினாலோ, முன்னும் பின்னும் ஆடினாலோ, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலோ தடுக்காதீர்கள். அது அவர் தம்மைத் தாமே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி.

இன்னொன்றையும் இதே பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் சொல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறிவிடுவார்கள். அவர்களில் பலருக்குத் தண்ணீரின்மேல் தீராத ஈர்ப்பு உண்டு. இப்படி வெளியேறிய ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் இறப்புகளில் நீரில் மூழ்கி நேர்பவையே மிகுதி என்று அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. கிணறும் குளமும் கண்மாயும் நிறைந்த நம் ஊர்களில், ஆட்டிசம் உள்ள ஒருவரைக் காணவில்லை என்று அழைப்பு வந்தால், பேருந்து நிலையத்துக்கும் கடைவீதிக்கும் ஆள் அனுப்புவதற்கு முன்பாக அருகிலுள்ள நீர்நிலைக்கு அனுப்புங்கள்.

யாரை அழைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் ஒருவர் வந்து படம் காட்டிப் பேசினால் மட்டும் போதாது. எங்கள் பிள்ளைகளை அழையுங்கள். அவர்கள் நிலையத்துக்கு வரட்டும், வண்டியைத் தொட்டுப் பார்க்கட்டும், உங்கள் வீரர்கள் அவர்களோடு உட்கார்ந்து ஒரு காலைப் பொழுதைக் கழிக்கட்டும். ஒரு வீரர் சாதாரண உடையில் நின்று பேசிவிட்டு, அவர்கள் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கவச உடை, தலைக்கவசம், முகமூடி ஆகியவற்றை அணிந்து, மீண்டும் கழற்றிக் காட்டினால், உள்ளே இருப்பவர் மனிதர்தான் என்பது அவர்கள் மனத்தில் பதியும். இதைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். ஒரு முறை பார்த்ததை நெருக்கடியில் அவர்கள் நினைவுகூர்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.


பதில்: சிறப்பாசிரியர்

அம்மா எழுதியதில் ஒவ்வொரு வரியும் நான் வகுப்பறையில் பார்ப்பதுதான். பேசும் முறையைப் பற்றியும் தூக்கும் முறையைப் பற்றியும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். வாக்கியம் இரண்டு மூன்று சொற்களைத் தாண்டக் கூடாது: "எழுந்திருங்க." "என் கையைப் பிடிங்க." "வெளியே போறோம்." சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும் நேரம் காத்திருக்க வேண்டும். பதில் வரவில்லை என்று அதே கருத்தை வேறு சொற்களில் சொல்வது நமக்கு இயல்பு. ஆனால் முதல் வாக்கியத்தைப் புரிந்துகொண்டுவரும் ஒருவருக்கு இரண்டாவது வாக்கியம் புதிய சுமையாகி, அவர் தொடக்கத்திலிருந்து மீண்டும் முயல வேண்டியிருக்கும். திரும்பச் சொல்ல வேண்டுமானால் அதே சொற்களை அதே குரலில் சொல்லுங்கள். எட்டிப்பார்த்துக் கத்துவதைவிட, சற்றுக் குனிந்து, கையால் வாசலைக் காட்டி, நீங்களே இரண்டடி நடந்து காட்டினால் பலர் பின்தொடர்வார்கள். "ஓடாதே" என்று தடுப்பதைவிட, "நில்லுங்க" என்று செய்ய வேண்டியதைச் சொல்வது விரைவில் புரியும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர், கேட்பவரை மகிழ்விப்பதற்காகவோ கேள்வி புரியாததாலோ எதற்கும் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். "உள்ளே வேறு யாரும் இல்லையே?" என்று கேட்டால் "ஆமா" என்பார்கள், "உள்ளே இன்னும் ஒருத்தர் இருக்காரா?" என்று கேட்டாலும் "ஆமா" என்பார்கள். அந்தப் பதிலை நம்பித் தேடலை நிறுத்திவிட்டால் ஓர் உயிர் போகலாம். "உள்ளே யார் இருக்காங்க?" என்று கேளுங்கள், பெயரோ உறவோ வந்தால் அதை நம்பலாம். ஆட்டிசம் உள்ள சிலர் நீங்கள் கேட்ட கேள்வியையே உங்களிடம் திருப்பிச் சொல்வார்கள். அவர்கள் கேலி செய்யவில்லை. பேச்சு அவர்களுக்கு அப்படித்தான் வருகிறது.

வலி பற்றியும் வீரர்களுக்குச் சொல்ல வேண்டும். சிலர் வலியை நாம் எதிர்பார்க்கிற முறையில் வெளிப்படுத்துவதில்லை. அழவில்லை, புகார் சொல்லவில்லை என்பதால் தீக்காயம் இல்லை என்று முடிவு செய்யாமல், கைகால், முதுகு, தலை என்று பார்த்துவிட்டே விடுங்கள். இவர்களிடையே வலிப்பு நோயும் மற்றவர்களைவிட மிகுதி. புகையாலும் பதற்றத்தாலும் வழியிலேயே வலிப்பு வரலாம்.

டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி மரபணு நிலை உள்ளவர்களைத் தூக்கும்போது தனிக் கவனம் தேவை. அவர்களுள் சிலருக்குக் கழுத்தின் மேல்பகுதி எலும்புகளைப் பிணைக்கும் நாண்கள் தளர்வாக இருக்கும். தலையைப் பிடித்து இழுப்பதோ கழுத்தை மடக்கித் தோளில் போடுவதோ தண்டுவடத்தைப் பாதிக்கக்கூடும். தசைத் தளர்ச்சியும் உண்டு என்பதால் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் நழுவிவிடுவார்கள். இடுப்பையும் தோள்களையும் சேர்த்து அணைத்துத் தூக்கவோ, போர்வையில் கிடத்தி இழுக்கவோ பழகிக்கொள்வது நல்லது. மருத்துவர் ஒருவரை அழைத்து நேரில் செய்துகாட்டச் சொல்ல வேண்டிய பகுதி இதுதான்.


பதில்: மனநலச் செவிலியர்

நிலைய அலுவலர் அவர்கள் அறிவுசார் குறைபாடு, மனநோய் ஆகிய இரண்டுக்குமான பயிற்சியை ஒரே நாளில் சேர்த்து நடத்த எண்ணியிருப்பதாகத் தெரிகிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு. அறிவுசார் குறைபாடு பிறப்பிலிருந்தோ இளம் பருவத்திலிருந்தோ இருப்பது. மனநோய் நேற்றுவரை ஆசிரியராகவோ ஓட்டுநராகவோ வேலை பார்த்தவருக்கும் வரக்கூடியது. மனநோய் உள்ளவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினால் அவர் அவமானமாக உணர்வார், ஒத்துழைக்க மாட்டார். ஆகவே முற்பகலில் ஒன்றையும் பிற்பகலில் மற்றொன்றையும் தனித்தனியாக நடத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மனச்சிதைவு நோய் உள்ள ஒருவருக்குக் குரல்கள் கேட்கலாம். யாரோ தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பலாம். அந்த நேரத்தில் காக்கி உடையில் கோடரியோடு உங்கள் வீரர் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறார். அவர் எதிர்த்துத் தாக்கினால், அவருடைய நம்பிக்கைப்படி அது தற்காப்பு. முதல் வாக்கியமே, "நான் போலீஸ் இல்லை. தீயணைப்பு நிலையத்திலிருந்து வருகிறேன். என் பெயர் இது" என்பதாக இருக்கட்டும். அவர் நம்புவதை மறுத்து வாதாட வேண்டாம். உண்மைதான் என்று தலையாட்டவும் வேண்டாம். "உங்களுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. இங்கே புகை வருகிறது, இரண்டு பேரும் வெளியே போய்விடுவோம்" என்று, இருவருக்கும் கண்ணெதிரே தெரிகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசலாம். வாசலை மறைத்துக்கொண்டு நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். வெளியேற வழி தெரிகிறபோது பதற்றம் தணியும்.

இல்லங்களில் இரவில் தீப்பிடித்தால் இன்னொரு சிக்கல் உண்டு. இரவு மாத்திரைகளில் பல ஆழ்ந்த தூக்கத்தைத் தருபவை. மணி அடித்தாலும் சிலர் எழமாட்டார்கள், எழுந்தாலும் தள்ளாடுவார்கள். ஆகவே தட்டி எழுப்பி வழிகாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம் என்று கணக்கிட வேண்டாம். ஒவ்வொருவரையும் கைப்பிடித்து வெளியே சேர்க்கும் அளவுக்கு ஆள்பலம் வேண்டும். அந்த இல்லத்தில் இரவுப் பணியில் எத்தனை பேர், சாவி யாரிடம், ஜன்னல் கம்பிகளில் திறக்கக்கூடிய பகுதி உண்டா என்பதை முன்கூட்டியே சென்று பார்த்துவிடுங்கள்.

தற்கொலை முயற்சிகளுக்கும் உங்களைத்தான் அழைக்கிறார்கள். செல்போன் கோபுரத்தின் மேல் நிற்பவரிடம் கீழே இருந்து பத்துப் பேர் பேசுவதும், ஊரே நின்று படம் பிடிப்பதும் அவரை மேலும் விளிம்புக்குத் தள்ளுகின்றன. கூட்டத்தை விலக்குவதும் ஒரே ஒருவர் நிதானமாகப் பேசுவதுமே முதல் மீட்புப் பணி. மனைவியையோ தந்தையையோ உடனே அழைத்துவந்து நிறுத்தாதீர்கள். அவர்களோடு நேர்ந்த பிணக்கே அவரை மேலே ஏற்றியிருக்கலாம். "யாரிடம் பேச விரும்புகிறீர்கள்?" என்று அவரிடமே கேளுங்கள். நிறைவேற்ற முடியாத வாக்குறுதி எதையும் தர வேண்டாம். வழக்குப் போடுவார்கள் என்று அஞ்சுகிறவரிடம் உண்மையாகவே ஆறுதல் சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, கருத வேண்டும் என்றும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்றும் கூறுகிறது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், மனநோய் உள்ள இளைஞர் ஒருவரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றதை அடுத்து, 1988இல் காவல்துறையினருக்காக 40 மணி நேரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். மனநோயோடு வாழ்பவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அதில் நேரில் வந்து பேசுகிறார்கள். உங்களிடம் 40 மணி நேரம் இல்லை என்பது தெரியும். ஆனாலும் நோயிலிருந்து மீண்ட ஒருவரை, அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டால், ஒரு மணி நேரமாவது பேசவையுங்கள். பணிக்குப் பிறகு உங்கள் வீரர்களின் மனத்தில் தங்கிவிடுகிற காட்சிகளுக்காகவும் சொல்கிறேன்: டெலி மானஸ் என்னும் அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி உதவி எண் 14416 அவர்களுக்கும் உரியது.


பதில்: ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர்

மேலே எழுதிய மூவரும் சொன்னவற்றை ஏற்றுக்கொண்டு, களத்தில் நின்றவன் என்ற முறையில் ஒரு மாறுபாட்டைச் சொல்ல வேண்டும். பத்து எண்ணிக் காத்திருக்கும் அவகாசம் எல்லாத் தீயிலும் கிடைக்காது. தீ அடுத்த அறையில் இருந்தால் காத்திருக்கலாம். அதே அறையின் கூரையில் புகை சூடேறி இறங்கிவரும்போது காத்திருப்பது இருவரையும் கொல்லும். எப்போது பேசிப் பார்ப்பது, எப்போது பேச்சை விட்டுத் தூக்குவது என்பதை முடிவு செய்வதும் பயிற்சியின் பகுதியாக இருக்க வேண்டும். அந்த முடிவைக் குழுத் தலைவர் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும் வீரர் எடுக்கக் கூடாது. பேசுகிறவர் பேச்சிலேயே ஆழ்ந்திருப்பார், கூரையைப் பார்க்க மாட்டார்.

முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்டலாமா என்று பயிற்சியில் யாராவது கேட்பார்கள். புகைக்குள் ஒருபோதும் கூடாது. அதனால்தான் அந்தத் தாய் சொன்னபடி, முகமூடியை முன்பே பழக்கப்படுத்துவது இன்றியமையாததாகிறது. தூக்கியே ஆக வேண்டும் என்றால் இருவர் சேர்ந்து, என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, போர்வையால் சுற்றித் தூக்குங்கள். குப்புறக் கிடத்தி முதுகின்மேல் முழங்காலை ஊன்றி அடக்குவது எந்த நிலையிலும் கூடாது. புகையை உள்ளிழுத்து ஏற்கெனவே மூச்சுத் திணறுபவர், அப்படி அடக்கினால் சில நிமிடங்களில் இறந்துபோகலாம். வெளியே வந்தவுடன் வலுவைத் தளர்த்த வேண்டும். கயிற்றால் கட்டிவைப்பது ஏர்வாடிச் சங்கிலியின் மறுவடிவமே.

வீடுகளின் பட்டியலைப் பொறுத்தவரை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதற்கு வழி வைத்திருக்கிறது. அதன் 8ஆம் பிரிவின்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் வழியாக, ஒப்புதல் தந்த குடும்பங்களின் விவரத்தை மட்டும் எழுத்துமூலம் கேளுங்கள். வீட்டுக் கதவில் அடையாள வில்லை ஒட்டலாம் என்று சிலர் சொல்லும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. பேச முடியாத ஒரு பெண் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதை அது தெருவில் போகிற எவருக்கும் அறிவித்துவிடும். விவரம் நிலையத்தின் தொலைபேசி மேசையில் இருந்தால் போதும். வண்டி புறப்படும்போது கம்பியில்லாக் கருவியில் சொல்லிவிடலாம். அதே சட்டத்தின் 47ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய பயிற்சி பெற வேண்டியவர்களாக ஊராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நிர்வாகிகள், காவல்துறையினர், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. தீயணைப்போர் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட வேண்டும் என்று உங்களைப் போன்றவர்கள் மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட்வுட் நகரத் தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்த பில் கனாட்டா என்பவர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. அவரும் அவருடன் சேர்ந்தவர்களும் தீயணைப்போருக்கும் காவலருக்கும் இத்தகைய பயிற்சியை ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள். ஒரு தீயணைப்பு வீரரிடமிருந்து கேட்பதை மற்றொரு தீயணைப்பு வீரர் எளிதில் ஏற்றுக்கொள்கிறார். உங்கள் நிலையத்திலோ பக்கத்து நிலையத்திலோ இத்தகைய பிள்ளையை வளர்க்கும் வீரர் யாரேனும் இருக்கக்கூடும். வெளியில் சொல்லாமல் இருப்பார். அவரைத் தனியே அழைத்துப் பேசிப் பாருங்கள்.


பதில்: நிலைய அலுவலர், தென் மாவட்டம்

எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒரு நாள் பயிற்சியை இரண்டாகப் பிரிப்பதென்று முடிவு செய்துவிட்டேன். விரிவுரையைக் குறைத்து, முற்பகலில் சிறப்புப் பள்ளிக்கே வீரர்களை அழைத்துச் செல்கிறேன். சைரன் இல்லாமல் வண்டியை முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கவச உடையை ஒவ்வொன்றாக அணிந்து காட்டுவோம். இல்லத்தின் சாவி, ஜன்னல் கம்பி, இரவுப் பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்கும் ஆய்வுக்கும் நாள் கேட்டிருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: உண்மையான நெருக்கடி எப்படி இருக்கும் என்று அறிய, பள்ளியில் முன்னறிவிப்பு இல்லாமல் ஓர் ஒத்திகை நடத்தினால் என்ன?


பதில்: சிறப்பாசிரியர்

தொடக்கத்தில் வேண்டாம், ஐயா. முன்னறிவிப்பில்லாத ஒத்திகை எங்கள் பிள்ளைகளுக்கு ஒத்திகையாக இராது. அவர்கள் அதை உண்மையாகவே அனுபவிப்பார்கள், அதன்பின் உங்கள் வண்டியைக் கண்டாலே ஒளிந்துகொள்வார்கள். முதலில் மணி இல்லாமல், படங்கள் கொண்ட அட்டைகளைக் காட்டி, வகுப்பிலிருந்து விளையாட்டுத் திடல்வரை நடந்து பழகட்டும். பிறகு மணியை மெல்லிய ஒலியில் சேர்ப்போம். அதன்பின் முகமூடி அணிந்த ஒருவர் வழிகாட்ட நடக்கட்டும். இந்த மூன்றும் பழகிய பிறகு, பிள்ளைகளுக்குச் சொல்லாமல் ஆசிரியர்களுக்கு மட்டும் சொல்லி நடத்தலாம். அட்டைக்கு ஒன்றாக ஐந்து படங்கள் வரைந்தால் போதும்: மணி, முகமூடி அணிந்த வீரர், கைப்பிடித்தல், வாசல், திடலில் உட்காருதல். உங்கள் நிலைய வீரர் ஒருவரின் புகைப்படத்தையே, முகமூடி இல்லாமல் ஒன்றும் முகமூடியோடு ஒன்றுமாக, இரண்டாவது அட்டையில் ஒட்டினால் இன்னும் நல்லது. அந்த வீரரே முதல் நாள் பள்ளிக்கு வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். அட்டைகளை நாங்கள் செய்துவிடுகிறோம்.